கரன்ட் போகாததால் நின்ற பம்ப்: டர்பனில் ஒரு ஃபர்ம்வேர் நிகழ்வு ஆய்வு

2024 மே மாத நடுவில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரத்தில் சில கட்டடங்களின் மாடி டேங்குகள் அடுத்தடுத்துக் காலியாயின. கீழ் டேங்கில் தண்ணீர் இருந்தது. கரன்ட் இருந்தது. மோட்டாரிலும் கோளாறு இல்லை. எங்கள் கன்ட்ரோலர் பெட்டியின் திரை மட்டும் 'ரெஸ்ட்' என்று காட்டியபடி உட்கார்ந்திருந்தது. மோட்டார் நின்ற பிறகு அதற்குப் பத்து நிமிடம் ஓய்வு தரும் நிலை அது. அந்தப் பத்து நிமிடம் மணிக்கணக்காக நீண்டிருந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டால் உடனே ஓடியது.

காரணம் ஒரே ஒரு வரி. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமான ஃபர்ம்வேரின் கோடில் பல வருடமாக அது இருந்திருக்கிறது. அதே வரியைத் திருத்துவது ஒரு வகைப் பெட்டிகளில் ஒரு மத்தியான வேலையாக முடிந்தது. இன்னொரு வகையில் மாதக்கணக்கில் இழுத்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியும் ஊரும்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்துபோனது. அந்த ஊர்க்காரர்கள் பல மாதம் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். அதைப் பார்த்த மற்ற ஊர்க்காரர்களும் உஷாரானார்கள். டொங்காட், வெருலம், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் என்று நம் ஆட்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் பச்சை நிற ஜோஜோ டேங்குகள் முளைத்தன. ஃபிளாட்டுகள், கோயில்கள், முதியோர் இல்லங்கள் எல்லாம் கீழே ஒரு டேங்கும் மாடியில் ஒரு டேங்கும் வைத்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு மோட்டார். அந்த மோட்டாரை ஓட்டும் பெட்டியைத்தான் எங்கள் சிறிய பட்டறை செய்கிறது.

உள்ளே இருப்பது எஸ்டிஎம்32எஃப்103 சிப்: கரன்ட் போனாலும் அழியாத 64 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம், 20 கிலோபைட் ரேம். அதனுடன் இரண்டு லெவல் சென்சார்கள், மோட்டாருக்குக் கரன்டைத் திறந்து மூடும் ஒரு கான்டாக்டர், இரண்டு வரி எல்சிடி, எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு 2ஜி மோடம். அது செய்ய வேண்டிய வேலையை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். மேல் டேங்க் குறைந்தால் ஓட்டு. கீழ் டேங்க் காலி என்றால் ஓட்டாதே. தொடர்ந்து நாற்பது நிமிடம் ஓடியும் நிறையவில்லை என்றால் எங்கோ குழாய் போய்விட்டது, நிறுத்திப் பூட்டு. நின்ற பிறகு பத்து நிமிடம் ஓய்வு கொடு.

இந்த அரைப் பக்கம், சில ஆயிரம் வரி கொண்ட ஒரே ஒரு மெயின் ஃபைலுக்குள் கரைந்துபோயிருந்தது. ஒரே ஃபங்ஷன் சென்சாரைப் படிக்கும், முடிவெடுக்கும், ரிலேயைத் தட்டும், திரையில் எழுதும், ஃபிளாஷில் சேமிக்கும். எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எழுதியது ஒரே ஒரு கட்டடத்துக்கு. இரண்டாவது வாடிக்கையாளர் வந்தபோது அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துச் சின்ன மாற்றம் செய்தார்கள். மூன்றாவதுக்கும் அதே. நான் சேர்ந்தபோது கோயிலுக்கு ஒரு பிரதி, ஃபிளாட்டுக்கு ஒரு பிரதி, போர்வெல்லுக்கு ஒரு பிரதி என்று வரிசையாக நின்றன. 'ஃப்ளாக்2' என்ற குளோபல் வேரியபிளுக்கு ஒரு பிரதியில் 'கீழ் டேங்க் காலி' என்று அர்த்தம், இன்னொன்றில் 'கரன்ட் இப்போதுதான் வந்தது'.

சிப் மாறியபோது

2021இல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. சாதாரணமாகக் கையில் கிடைக்கும் எஃப்103க்கு விற்பனையாளர்கள் ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். கிடைத்த இடத்திலும் விலை கேட்டால் தலை சுற்றும். அதனால் கால்களின் வரிசை ஒன்றாகவே இருக்கும் ஜிடி32எஃப்103ஐ வாங்கிப் போட்டோம். போர்டை மாற்ற வேண்டியதில்லை, பழைய கோடே ஓடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பெரும்பாலும் ஓடியது. திரையில் மட்டும் குப்பை எழுத்து வந்தது. அந்தச் சிப் ஃபிளாஷிலிருந்து கட்டளைகளை எடுக்கும்போது, எஃப்103 காத்திருப்பதுபோல் காத்திருக்காது. அதனால் ஒரே மெகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும், வெறுமனே எண்ணிக்கொண்டிருக்கும் தாமத லூப்கள் சீக்கிரம் முடிந்துவிடும். எச்டி44780 வகைத் திரைக்கு 'துடை' என்ற கட்டளை கொடுத்தால் சுமார் ஒன்றரை மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும். எங்கள் லூப் அதற்கு முன்பே அடுத்த எழுத்தைத் தள்ளிவிட்டது.

லூப்பின் எண்ணைக் கூட்டி, எந்தச் சிப்புக்கு எந்த வரி என்று பிரிக்கும் இஃப்டெஃப் போட்டு அப்போதைக்கு ஒப்பேற்றினார்கள். அந்தத் திருத்தம் ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனியாகப் போனது. ஒன்றில் விட்டும் போனது. தாமதம் என்பது டைமரின் வேலை, அது ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. தோன்றியது, ஆனால் அதை வைக்க அந்தக் கோடில் ஒரு இடம் இல்லை.

செட்டிங் அழிந்த கதை

2023இல், மின் பற்றாக்குறையால் முறைவைத்துக் கரன்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தது. ஒரு நாளைக்குப் பல தடவை இரண்டு மணி நேரம், இரண்டரை மணி நேரம் என்று கரன்ட் போய் வரும். அப்போதுதான் ஒரு புது வகைப் புகார்: கரன்ட் திரும்பி வந்ததும் பெட்டி எல்லா செட்டிங்கையும் மறந்துவிடுகிறது. டேங்க் உயரம் போய்விடும். எவ்வளவு நிறைந்தால் நிறுத்த வேண்டும் என்பதும் போய்விடும். சில இடங்களில் மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வரை போனது.

எங்கள் ஃபோர்மேன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஓய்வு வயதைத் தாண்டியும் பட்டறைக்கு வருகிறவர். ஒவ்வொரு புகாரையும் "தம்பி, இன்னொன்னு" என்று சொல்லி என் மேசையில் பெட்டியை வைப்பார். மேசையில் வைத்தால் எதுவும் நடக்காது. லேப் பவர் சப்ளையில் பெட்டி சாதுவாக இருக்கும்.

முதலில் செய்தது ஒரு சின்னக் காரியம். இந்தச் சிப்பில், கடைசி ரீசெட் எதனால் வந்தது என்று சொல்லும் ஒரு ரிஜிஸ்டர் இருக்கிறது: கரன்ட் போய் வந்ததா, வாட்ச்டாக் (புரோகிராம் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் காவல் டைமர்) கடித்ததா, மென்பொருளே கேட்டதா என்று பிட் பிட்டாகச் சொல்லும். பழைய கோடு அதைப் படித்ததே இல்லை. அதைப் படித்துத் திரையில் ஓர் எழுத்தாகக் காட்டவைத்தோம். கட்டடக் காவலாளிகள் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார்கள். கரன்ட் ஒரு தடவை வந்த இடங்களில், சில நொடிக்குள் இன்னொரு தடவை 'பவர் ரீசெட்' விழுந்திருந்தது.

ஆஸிலோஸ்கோப்பை 3.3 வோல்ட் லைனில் மாட்டி, பெட்டியோடு வரும் சாதாரண சப்ளையிலேயே ஓட்டிப் பார்த்ததும் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. கரன்ட் வந்தவுடன் பெட்டி இரண்டு வேலை செய்யும்: 'கரன்ட் வந்துவிட்டது' என்று எஸ்எம்எஸ் அனுப்பும், மோட்டார் ஓடிய நேரத்தை ஃபிளாஷில் எழுதும். 2ஜி மோடம் சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதே நேரம் தெரு முழுக்க கீசர்களும் ஃபிரிட்ஜ்களும் ஒன்றாக உயிர் பெறுவதால் லைன் வோல்டேஜும் தள்ளாடும். சப்ளை ஒரு கணம் தாழும், சிப் ரீசெட் ஆகும். சரியாக அந்த நேரத்தில் ஃபிளாஷ் பக்கத்தை அழித்துவிட்டு எழுதப் போகிற நடுவில் இருந்தால் செட்டிங் மொத்தமும் போச்சு. ஏனென்றால் ஓடிய நேரமும் டேங்க் செட்டிங்கும் ஒரே பக்கத்தில் இருந்தன.

இன்னொரு கணக்கும் அப்போது வெளியே வந்தது. ஓடிய நேரத்தை 15 நிமிடத்துக்கு ஒரு முறை அதே பக்கத்தை அழித்து எழுதினார்கள். ஒரு நாளைக்கு 96 அழிப்பு. இந்தச் சிப்பின் ஃபிளாஷுக்கு உற்பத்தியாளர் உறுதி தருவது 10,000 அழிப்பு. அதாவது நூற்றுச் சொச்சம் நாள். உறுதி முடிந்த மறுநாளே செத்துவிடாதுதான், ஆனால் கட்டடத்தில் பத்து வருடம் இருக்க வேண்டிய பெட்டிக்கு இது கணக்கே இல்லை.

திருத்தம் இப்படி: செட்டிங் தனிப் பக்கம். ஓடிய நேரத்துக்கு வேறு இரண்டு பக்கம். ஒரு பக்கம் 1 கிலோபைட். 16 பைட் பதிவுகளாக ஒன்றன் பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போய், நிறைந்த பிறகுதான் மற்றப் பக்கத்தை அழிக்கும். ஒவ்வொரு பதிவிலும் ஒரு வரிசை எண், பதிவு முழுதாக இருக்கிறதா என்று சரிபார்க்க சிஆர்சி என்ற ஒரு எண். பாதியில் கரன்ட் போனால் அந்தப் பதிவின் சிஆர்சி பொருந்தாது. அதற்கு முந்தைய பதிவை எடுத்துக்கொள்ளும். அதே 15 நிமிடக் கணக்கில் இப்போது 36 வருடம் கிட்ட வரும்.

ஆனால் இதைவிட முக்கியமான கேள்வி, 'மோடம் பேசும்போது ஃபிளாஷில் எழுதாதே' என்ற விதியை எங்கே வைப்பது? மோடம் டிரைவருக்கு ஃபிளாஷைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. ஃபிளாஷ் டிரைவருக்கு மோடம் யாரென்றே தெரியக் கூடாது. மோட்டாரை ஓட்டும் விதிகளுக்கு இரண்டும் சம்பந்தமே இல்லை. இதற்கு இடம் தேடப் போய்த்தான் கோடு முழுவதையுமே பிரித்தோம்.

பிரித்த விதம்

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதலாம் என்ற யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்தக் குழப்பமான கோடில் பல வருட அனுபவம் ஒளிந்திருந்தது: மோட்டார் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடி மட்டத்தை நம்பாதே, தண்ணீர் அலையடிக்கும் என்பதுபோல. புதிதாக எழுதினால் அதெல்லாம் திரும்பவும் புகாராக வந்துதான் தெரியவரும்.

மூன்று ஃபோல்டர்கள் ஆக்கினோம். 'விதி' ஃபோல்டரில் மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்பது மட்டும். அது உள்ளே வாங்குவது இரண்டு மட்டமும் இப்போதைய நேரமும். வெளியே தருவது ஓடு அல்லது நில், அதோடு திரைக்கு ஒரு நிலை. சிப் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 'டிரைவர்' ஃபோல்டரில் சென்சார், திரை, ஃபிளாஷ், மோடம். இரண்டுக்கும் நடுவே இருந்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஃபைலுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தோம். ஃபோர்மேனுக்கு அதில் ஒரே சந்தோஷம். மோடம் ஓய்ந்திருக்கிறதா, சப்ளை சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஃபிளாஷுக்கு அனுமதி தருவது மேஸ்திரி. மூன்றாவது ஃபோல்டரே அதுதான்.

இந்தப் பிரிவினையைக் காப்பாற்ற ஒரு காவல் தேவை. 'விதிக்குள் ஹார்ட்வேர் ஹெடரை (சிப்பின் விவரங்கள் உள்ள ஃபைலை) சேர்க்காதே' என்று எழுதி ஒட்டினால் அவசரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் விதி ஃபோல்டரை மட்டும் லேப்டாப்பில் ஜிசிசி என்ற சாதாரண கம்பைலரால் கம்பைல் செய்யும் ஒரு படியை பில்டிலேயே சேர்த்தோம். சிப்பின் ஹெடரை யாராவது உள்ளே இழுத்தால் லேப்டாப்பில் அது கிடைக்காது, பில்ட் நின்றுவிடும். இதைவிட மலிவான காவலாளி எனக்குத் தெரியாது.

ஃபங்ஷன் பாயின்டர் அட்டவணைகள் போட்டு ஓடும்போதே டிரைவரை மாற்றும் அமைப்பை ஒருவர் பரிந்துரைத்தார். ஒரு பெட்டியில் ஒரு போர்டு, ஒரு சிப், அது ஆயுளுக்கும் மாறாது. எந்த டிரைவர் என்பதை, ஃபைல்களை ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்க் படியிலேயே முடிவு செய்தால் போதும். 20 கிலோபைட் ரேம் உள்ள இடத்தில் பெரிய கம்ப்யூட்டரின் அலங்காரங்கள் எதற்கு?

சென்சார் டிரைவரில் செய்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். பழையது ஓர் எண்ணை மட்டும் திருப்பித் தரும். எலி ஒயரைக் கடித்தால் எண் பூஜ்யம். பூஜ்யம் என்றால் மேல் டேங்க் காலி. உடனே மோட்டார் ஓடும், தண்ணீர் வழியும். இப்போதைய சென்சார் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வகை. காலி டேங்குக்கே 4 வரும், 3.6க்குக் கீழே போனால் ஒயர் அறுந்தது என்று அர்த்தம். டிரைவர் மட்டத்தோடு 'நம்பலாமா' என்பதையும் சேர்த்துத் தருகிறது. நம்ப முடியாத மட்டத்தை வைத்து மோட்டாரை ஓட்டுவதில்லை என்பது விதியின் முடிவு, டிரைவரின் முடிவு அல்ல.

வாட்ச்டாக் பற்றி ஒரு வரி: 'உயிரோடு இருக்கிறேன்' என்று அதற்குப் போட வேண்டிய தீனியைப் பழைய கோடு, முக்கிய லூப்பைச் சாராமல் தானாக ஓடும் டைமர் இன்டரப்டுக்குள் போட்டது. முக்கிய லூப் செத்துக் கிடந்தாலும் நாய்க்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்தது. இப்போது மேஸ்திரி ஒரு சுற்று முழுதாக முடித்த பிறகு, ஒரே இடத்தில்தான் தீனி.

மே மாதம்

கோடு முழுவதையும் பிரிக்கும்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம்: இடம் மாற்றும்போது நடத்தையை மாற்றக் கூடாது. அதனால் ஓய்வு நேரக் கணக்கு பழையபடியே விதி ஃபோல்டருக்குக் குடிவந்தது. மோட்டார் நின்றதும், 'இந்த நேரம் வரை ஓய்வு' என்று இப்போதைய நேரத்தோடு பத்து நிமிடத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். அடுத்து ஓட வேண்டியபோது, இப்போதைய நேரம் அதைவிடச் சிறியதா என்று பார்க்கும். சிறியது என்றால் இன்னும் ஓய்வு.

நேரம் என்பது 32 பிட் மில்லிசெகண்ட் கணக்கு. 4,29,49,67,296 மில்லிசெகண்ட் ஆனதும் திரும்பப் பூஜ்யம். அதற்கு 49 நாள் 17 மணி நேரம் ஆகும். பூஜ்யத்துக்குத் திரும்புவதற்கு முன் குறித்துவைத்த 'ஓய்வு வரை' மிகப் பெரிய எண்ணாக இருக்கும். திரும்பிய பிறகு இப்போதைய நேரம் மிகச் சிறியது. அவ்வளவுதான், அடுத்த ஏறக்குறைய ஐம்பது நாளும் மோட்டாருக்கு ஓய்வு.

இந்த வகை பக் (கோளாறு), கருவிகளுக்குள் ஓடும் எம்பெடட் புரோகிராம் உலகில் பழசு, புத்தகத்திலேயே இருக்கிறது. சுவாரசியம், அது ஏன் அதுவரை தலைகாட்டவில்லை என்பதில். லோட் ஷெட்டிங் இருந்தவரை எந்தப் பெட்டியும் தொடர்ந்து ஐம்பது நாள் ஓடியதே இல்லை. கரன்ட் போகும்போதெல்லாம் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2024 மார்ச் 26இல் நாட்டின் மின் நிறுவனமான எஸ்காம் லோட் ஷெட்டிங்கை நிறுத்தியது. 2025 ஜனவரி கடைசி வரை அது திரும்பவில்லை. மார்ச் 26இலிருந்து 49 நாளை எண்ணினால் மே 14. தெருவில் லோக்கல் பழுதால் கரன்ட் போய் வந்த கட்டடங்களில் அது சில வாரம் தள்ளி வந்தது. நாடே கரன்ட் நின்றுபோகாததைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது எங்கள் பெட்டி மட்டும் அதனால் நின்றது.

பிரித்த கோடு ஓடும் பெட்டிகளுக்கான வேலை இப்படிப் போனது. விதி ஃபோல்டருக்கு நேரம் வெளியிலிருந்து வருவதால், லேப்டாப் டெஸ்டில் கடிகாரத்தை எந்த எண்ணில் வேண்டுமானாலும் வைக்கலாம். பூஜ்யத்துக்குத் திரும்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது மோட்டாரை நிறுத்தி, திரும்பிய பிறகு மேல் டேங்கைக் குறைத்தோம். டெஸ்ட் உடனே விழுந்தது. ஐம்பது நாள் காத்திருக்காமல் கோளாறு கையில் கிடைத்தது. 'எப்போது வரை' என்று வைக்காமல் 'எப்போது நின்றது' என்று வைத்து, குறியில்லா (மைனஸ் வராத) எண்ணாகக் கழித்து, வித்தியாசம் பத்து நிமிடத்தைத் தாண்டியதா என்று பார்த்தால் போதும். எண் சுற்றி வந்தாலும் கழித்தல் சரியாக வரும். மோட்டார் அபூர்வமாகச் சரியாக ஐம்பது நாள் கழித்து ஓட நேர்ந்தால் பத்து நிமிடம் வீணாகக் காத்திருக்கும், இருக்கட்டும். நாற்பது நிமிடப் பூட்டிலும் இதே கோளாறு ஒளிந்திருந்தது, அதையும் சேர்த்துத் திருத்தினோம்.

பழைய பெட்டிகள் வேறு கதை. ஒவ்வொரு பிரதியிலும் அதே கணக்கு வேறு வேறு பெயரில் இருந்தது. ஒன்றில் மில்லிசெகண்ட், இன்னொன்றில் செகண்டாக வகுத்து எழுதியது. அந்த இரண்டாவது சுற்றி வருவதைத் தேடிக் கண்டுபிடிப்பதே தனி வேலை, ஏனென்றால் வகுத்த எண்ணில் கழித்தல் தந்திரம் பலிக்காது. டெஸ்ட் செய்ய வழியில்லை. போர்டில் கணக்கைப் பெரிய எண்ணிலிருந்து தொடங்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரேடியோவில் அப்டேட் அனுப்பும் வசதி இல்லாததால், ஆளே வண்டியில் புரோகிராமரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டடமாகப் போக வேண்டியிருந்தது.

அதுவரைக்கும் காவலாளிகளிடம் மாதம் ஒரு தடவை சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னோம். தேதி சொன்னால் மறந்துவிடுவார்கள். ஒரு கோயிலில் அதைப் பார்த்துக்கொண்ட பெரியம்மா, "அமாவாசைக்கு அமாவாசை அணைச்சுப் போட்டுடறேன் போ" என்றார். அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள். 49க்குள் தாராளமாக அடங்கும். எங்கள் காலண்டர் நினைவூட்டலைவிட அது ஒழுங்காக நடந்தது. ஆடியில் கூழ் ஊற்றும் நாட்களில் அந்தக் கோயிலில் தண்ணீர் ஒரு தடவையும் நிற்கவில்லை.

அதே வருடம் இன்னொரு கணக்கு

2024 நவம்பர் 24ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் பிரீபெய்டு மின்மீட்டர்களுக்கும் இதே மாதிரி ஒரு நாள். இந்த நாட்டில் உருவாகி, பிறகு ஐஇசி 62055-41 என்று உலகத் தரமாக ஆன முறை அது. காசு கட்டி வாங்கி மீட்டரில் தட்டும் ஒவ்வொரு டோக்கன் எண்ணிலும் 24 பிட் நேர எண் ஒன்று, 1993 ஜனவரி 1இலிருந்து நிமிடக் கணக்கில் ஒளிந்திருக்கும். 1,67,77,216 நிமிடம் அன்றைக்கு முடிந்தது. மாற்றாத மீட்டர் அதன் பிறகு வாங்கிய டோக்கனை ஏற்காது.

ஆனால் அதை வடிவமைத்தவர்கள் வெளியேறும் வழியையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். மீட்டரின் ரகசியச் சாவி எண்ணை மாற்றும் இரண்டு 20 இலக்க எண்களைத் தட்டினால், கணக்கு 2014ஐ அடிப்படையாக வைத்துப் புதிதாகத் தொடங்கும். வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம், பெட்டியைத் திறக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நான்தான் தட்டிக் கொடுத்தேன், இரண்டாவது எண்ணில் ஓர் இலக்கம் தவறிப் போய்த் திரும்பவும். மக்களை அலைக்கழித்தது உண்மை. கடைசி மாதங்களில் ஒரே அவசரம். இருந்தாலும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆள் அனுப்பாமல் முடிந்ததற்குக் காரணம், 24 பிட் ஒரு நாள் தீரும் என்பது விதிமுறையிலேயே எழுதியிருந்ததுதான். அதைப் பார்த்த பிறகு எங்கள் விதி ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், எது வரை தாங்கும் என்று எழுதி, அந்த எல்லைக்கு ஒரு டெஸ்டும் வைத்தோம். மோட்டார் எத்தனை தடவை ஸ்டார்ட் ஆனது என்ற எண் 16 பிட்டில் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

மிச்சம் இருப்பது

பழைய பிரதிகளில் பெரும்பாலானவற்றை இப்போது ஒரே கோடுக்குக் கொண்டுவந்தாயிற்று. வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறுவது ஒரு சின்ன செட்டிங் ஃபைல் மட்டும். போர்வெல் பிரதி மட்டும் தனியாக நிற்கிறது. அதில் மோட்டார் கரன்டை அளந்து உலர்ந்த ஓட்டத்தை (தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதை) பிடிக்கும் பகுதி விதிக்குள்ளா டிரைவருக்குள்ளா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. அளப்பது டிரைவர், 'இது உலர்ந்த ஓட்டம்' என்று தீர்மானிப்பது விதி என்பது என் கட்சி. மோட்டாருக்கு மோட்டார் எண் மாறும், அதனால் டிரைவரிலேயே இருக்கட்டும் என்பது ஃபோர்மேன் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் டிரைவருக்குள் போனால் லேப்டாப்பில் டெஸ்ட் செய்ய முடியாது.

மோடம் கோடில் கை வைக்கவில்லை. அது பழைய அழுக்கோடு அப்படியே இருக்கிறது. 'அனுப்பு', 'ஓய்ந்திருக்கிறாயா' என்ற இரண்டு ஃபங்ஷன் மட்டும் வெளியே தெரியும்படி மூடி வைத்திருக்கிறோம். 2ஜி நெட்வொர்க்குகளுக்கு இங்கேயும் ஆயுள் அதிகமில்லை. அடுத்த போர்டில் 4ஜி மோடம் வரும்போது அந்த ஃபைலை மொத்தமாக நீக்கிவிட்டு, அதே இரண்டு ஃபங்ஷனுக்குப் பின்னால் புதியதை எழுதுவதாக இருக்கிறோம். இப்போது அதைத் துலக்கி எடுக்கச் செலவழிக்கும் நேரத்தில் இன்னும் நாலு கட்டடத்துக்குப் போய் வரலாம்.